பழகிடும் என்கிறார் புரோக்கர்

திருவண்ணாமலையில் அத்தை மகனுக்கு வீடு பார்க்கப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. ஸ்டேஷனுக்கு வடக்கே, மேற்குப் பார்த்த வீடு. போர் தண்ணீர் உப்பில்லை, மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரிகிறது. அந்த வட்டாரத்துக்கு விலையும் குறைச்சல். ஏன் குறைச்சல் என்பது மாடியில் பின்பக்கம் திரும்பியதும் புரிந்தது. நாற்பது அடி தள்ளித் தண்டவாளம்.

“ஒரு மாசத்துல பழகிடும் சார். அப்புறம் வண்டி வரலைன்னாத்தான் முழிப்பு வரும்” என்றார் புரோக்கர்.

அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிதான் உடம்பு சம்பந்தப்பட்டது.

காது பழகும், நெஞ்சு பழகாது

ரயில் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுவது சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் தூங்குகிறவரின் காது மூடிக்கொள்வதில்லை. சத்தம் வந்ததும் மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. நாடி ஏறுகிறது, ரத்த அழுத்தம் சற்று நேரம் உயர்கிறது, ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமான தூக்கமாகிறது. ஆள் விழிப்பதில்லை. அதனால் காலையில் கேட்டால் “நல்லாத்தான் தூங்கினேன்” என்பார். பழக்கத்தால் விழிப்பு குறையும் அளவுக்கு இந்த நாடி ஏற்றம் குறைவதில்லை. ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் இது நடந்தால் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நல்லதல்ல. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உள்ள வீடு என்றால் கூடுதல் யோசனை தேவை. நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்கும் நர்ஸ், கண்டக்டர் வீட்டுக்கு இரவுக் கணக்கு மட்டும் போதாது, பகல் வண்டிகளையும் எண்ண வேண்டும்.

எத்தனை மணிக்கு எந்த வண்டி

நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல், பகலில் 55. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காகச் சொன்ன வழிகாட்டுதலில் ரயில் ஓசைக்கு இரவுச் சராசரி 44 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். சராசரி என்ற சொல்லில் ஒரு ஏமாற்று உண்டு. இரவில் நாலே வண்டி போனால் சராசரி தாழ்ந்துதான் இருக்கும், எழுப்புவது அந்த நாலும்தான்.

அந்த வீட்டுக்குப் பின்னால் போவது விழுப்புரம்–காட்பாடி ஒற்றைப் பாதை. வண்டிகள் குறைவு என்பது பகலில் பார்க்கிறவர் கணக்கு. 2024 மே மாதம் சென்னைக் கடற்கரை–வேலூர் கன்டோன்மென்ட் மெமு ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். ஊருக்குப் பெரிய வசதி. நீட்டித்தபோது அது வந்துசேர்ந்த நேரம் நள்ளிரவு 12.05, திரும்பக் கிளம்பியது காலை 4 மணி. இரண்டுமே விதி சொல்லும் இரவுக்குள். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் விடும் சிறப்பு ரயில்கள் தனி. ஆகவே வீட்டைப் பார்க்கச் சரியான நாள் பௌர்ணமி, சரியான நேரம் நடுராத்திரி.

கேட் இருந்தால் தள்ளிப் போங்கள்

சக்கரச் சத்தத்தைவிட மோசம் ஹாரன். ரயில்வே கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் விசில் பலகை நிற்கும். அதிலிருந்து கேட்டைத் தாண்டும்வரை ஓட்டுநர் ஊதியாக வேண்டும், அது பாதுகாப்பு விதி. எந்தப் புகாரும் அதை நிறுத்தாது. நேர்பாதையை ஒட்டிய வீட்டை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கேட்டுக்கும் விசில் பலகைக்கும் நடுவில் உள்ளதை இனாமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன்.

பிள்ளை எந்த அறையில் படிக்கும்?

1975-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நியூயார்க்கில் உயரப் பாதை ரயிலை ஒட்டிய பள்ளியில் நடந்தது. ஆர்லைன் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் ஒரே பள்ளியின் இரு பக்க வகுப்புகளையும் ஒப்பிட்டார். தண்டவாளப் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள், ஆறாம் வகுப்பில் ஏறக்குறைய ஓராண்டு. பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தையும், வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் கூரையும் போட்டார்கள். அடுத்த ஆய்வில் அந்த வித்தியாசம் இல்லை. சரிசெய்ய முடிகிற கோளாறு என்பதுதான் இதில் நமக்கு உதவும் செய்தி.

சுவர், ஜன்னல், மலை

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சத்தத்தை நன்றாகவே தடுக்கும், ஓட்டை ஜன்னலில்தான். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் உதவும், ஆனால் சித்திரை வெயிலில் அதை மூடிவைத்தால் ஏசி செலவு சேரும். மரம் நட்டால் மனசுக்கு ஆறுதல், சத்தத்துக்கு அல்ல. தண்டவாளத்தை மறைக்கும் உயரத்தில் காம்பவுண்டு சுவர் இருந்தால் தரைத்தளத்துக்குப் பயன். மாடிக்கு இல்லை.

படுக்கையறை எந்தப் பக்கம் என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். இங்கே மலை ஊருக்கு மேற்கே, பாதை கிழக்கே. பாதைக்கு மேற்கில் உள்ள வீட்டில் மலை பார்த்த அறையே அமைதியான அறை. பாதைக்குக் கிழக்கில் வாங்கினால் மலையை ரயிலோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும்.

இன்னொன்று, ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்ட ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். அட்வான்ஸ் கொடுக்குமுன் அதன் நகலைக் கேளுங்கள்.

அத்தை மகன் ஓர் இரவுக்குச் சாவி கேட்டார். புரோக்கர் சிரித்தார், வீட்டுக்காரர் கொடுத்தார். பின் அறையில் பாய் விரித்துப் படுத்தோம். நள்ளிரவு வண்டிக்கு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது, சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. நாலு மணி வண்டி அவருக்குத் தெரியவே இல்லை. காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராத்திரி முழுக்க 62-ஐ ஒட்டி ஓடிய நாடி, நாலு மணிக்கு 81.

சான்று நகல் இன்னும் வரவில்லை. வந்தால், பின் அறையை அரிசி மூட்டைக்கும் தையல் மிஷினுக்கும் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.