காட்டுப்பள்ளியின் சவ்வும் உயிரணுவின் சவ்வும்

திருவள்ளூர் மாவட்டத்தில், மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளிக் கடற்கரையில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருமாறு அமைக்கப்பட்டு 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, நீண்ட குழாய்களுக்குள் சுருள்சுருளாகச் சுற்றி வைக்கப்பட்ட மெல்லிய சவ்வுகளை நம்பியே இயங்குகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கரைந்த கடல்நீரைச் சவ்வின் ஒருபுறத்திலும் நன்னீரை மறுபுறத்திலும் வைத்து இயற்கையின் போக்கில் விட்டுவிட்டால், நன்னீர்தான் கடல்நீரை நாடிச் செல்லும். அப்போக்கை எதிர்த்திசையில் திருப்புவதற்கு, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐம்பது அறுபது மடங்கு அழுத்தத்தைப் பம்புகள் இடையறாது கொடுத்தாக வேண்டும். இத்தொழிலை நடைமுறை சாத்தியமாக்கிய முதற்சவ்வை, 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில், சிட்னி லோபுடன் சேர்ந்து உருவாக்கியவர் இந்தியரான சீனிவாச சௌரிராஜன் என்பதை நம்மில் பலர் அறியோம்.

இத்தனை யந்திர சாமர்த்தியமும் சாதிப்பது ஒரே காரியத்தை: நீரை விட்டு உப்பைத் தடுப்பது. ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தடிப்பில்லாத உயிரணுவின் கொழுப்புச் சவ்வுக்கோ வேலைகள் அநேகம். அதைச் சல்லடை என்று பள்ளிப் பாடங்கள் வர்ணிப்பது எனக்கு ஒருபோதும் உவப்பாயிருந்ததில்லை. சல்லடையில் சிறியது விழும், பெரியது தங்கும், ஆனால் உயிரணுவின் பொட்டாசிய வாயிலிலோ, உருவில் பெரிய பொட்டாசியம் தாராளமாக நுழைய, சிறிய சோடியம் வெளியே நின்றுவிடுகிறது.

இவ்விசித்திரத்தின் காரணத்தை, அவ்வாயிலான புரதத்தின் அமைப்பை 1998இல் கண்டு, 2003இல் நோபல் பரிசும் பெற்ற ராடரிக் மெக்கின்னன் விளக்கினார். நீரில் கரைந்த அயனி ஒவ்வொன்றும் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டே திரிகிறது. வாயிலின் குறுகிய பகுதியில், அந்நீர் நின்ற அதே தூரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் நிரையாக நிற்பதால், பொட்டாசியம் தன் போர்வையை நஷ்டமின்றிக் களைந்து உள்ளே செல்கிறது. சிறிய சோடியமோ அவற்றைச் சரிவர எட்டமுடியாமல், போர்வையை விடவும் மனமின்றி, ஒதுங்கிவிடுகிறது. அதே ஆண்டுப் பரிசைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் ஆக்ரே கண்டறிந்தது, நீருக்கென்றே உள்ள தனி வாயில்.

இவ்வளவிருந்தும் சிறிது சோடியம் கசிந்து புகத்தான் செய்கிறது. அதை மும்மூன்றாக வெளியேற்றி, இரண்டிரண்டாகப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் புரதமொன்று, சக்தியைச் செலவிட்டபடி இரவும் பகலும் உழைக்கிறது. அவ்வுழைப்பு நின்றால் உயிரணு நீரை உறிஞ்சி வீங்கும், நரம்பில் செய்தி ஓடாது, இதயம் துடிக்காது. ஆஸ்பத்திரியில் சிரைவழி ஏற்றும் திரவத்தை வெறும் நீராக வைக்காமல் 0.9 சதவிகித உப்புநீராக வைப்பதும், வெறும் நீரில் சிவப்பணுக்கள் உப்பி வெடித்துவிடும் என்பதால்தான்.

வாயில் காப்போரும் ஏமாறுவதுண்டு. உலோகங்களை உருக்கும் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் ஈயத்தை அஞ்சவேண்டியதன் ஒரு காரணம், அது கால்சியத்தின் வேஷத்தில் கால்சியத்துக்குரிய பாதைகளிலேயே புகுந்துவிடுவது.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயிக்கு இந்தச் சவ்வு விவகாரம் வேறு வடிவில் வந்து சேர்ந்தது. நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. உவர்மண்ணில் ஈரமிருந்தும் வேரின் உயிரணுக்களால் அதை எளிதில் இழுக்க முடிவதில்லை, போதாக்குறைக்குச் சோடியமும் பொட்டாசியத்தின் வேறு சில வழிகளில் நுழைந்து இலைவரை ஏறிக் கருக்குகிறது. வங்காளத்தின் நோனா பொக்ரா என்னும் உவர்தாங்கும் நெல் இதற்கு ஈடுகொடுப்பதன் ரகசியத்தில் ஒரு பகுதி 2005இல் வெளிப்பட்டது: மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தை வழியிலேயே திரும்ப எடுத்து, வேர்ப்பகுதி உயிரணுக்களுக்குள் அடைத்துவிடுகிறது அதன் சவ்வில் பதிந்த ஒரு புரதம்.