தரங்கம்பாடியில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர்

இன்னிக்கு நாம போற ஊர் தரங்கம்பாடி. வீக்கெண்ட் ட்ரிப்ல டான்ஸ்போர்க் கோட்டை முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்திருப்பீங்க. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரங்க கட்டின கோட்டை அது. வருஷா வருஷம் நாயக்கருக்குக் கப்பம் கட்டணும், வியாபாரம் பண்ணிக்கலாம். இதுதான் ஏற்பாடு.

ஆனா ஐரோப்பாவுல போர், கம்பெனிக்குக் கடன். 1640-கள்ல டென்மார்க்ல இருந்து கப்பல் வர்றது நின்னுடுச்சு. அடுத்த கப்பல் வந்தது 1669-ல. நடுவுல கால் நூற்றாண்டுக்கும் மேல! 1655-ல கோட்டையில மிஞ்சின டேனிஷ்காரர் ஒரே ஒருத்தர்தான். பேரு எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. பிரபு குடும்பம் எல்லாம் கிடையாது, சாதாரண ஆள். கப்பம் கட்டாததால நாயக்கர் படை திரும்பத் திரும்ப வந்து முற்றுகை போட்டுச்சு. அப்போ தஞ்சாவூரை ஆண்டவர் விஜயராகவ நாயக்கர்.

சரி, அந்த இடத்துல ஒரு பீரங்கிப் பொறுப்பாளரோட ஒரு நாள் எப்படி இருக்கும்? சுடுறது கொஞ்ச நேரம்தான், பராமரிப்புதான் நாள் முழுக்க. வெடிமருந்துங்கிறது வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் சேர்ந்த கலவை. கடற்கரை ஈரத்துல அது நமுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில கேட்கவே வேணாம். வெயில் அடிச்சா காய வைக்கணும், பக்கத்துல ஒரு பொறிகூட விழக்கூடாது. உப்புக்காத்துல இரும்புக்குழாய் துருப்பிடிக்கும். பழுதான குழாயில சுட்டா அது வெடிச்சு, சுடுறவனையே கொல்லலாம். இதுக்கு நடுவுல சோத்துப் பிரச்சினை வேற. சுத்தி எல்லாம் காவிரிப் பாசன வயல்தான், ஆனா தரைவழியை மறிச்சுட்டா நெல்லு உள்ள வராது.

திறந்திருந்தது கடல் பக்கம். கோங்ஸ்பாக்கே வங்கக் கடல்ல போற கப்பல்களைப் பிடிச்சார். சரக்கை வித்த காசுல கோட்டையைச் சரிபண்ணி, ஊரைச் சுத்தி மதிலும் கட்டினார். கடைசியில நாயக்கரோட சமாதானமும் பேசி முடிச்சார். அந்த மதிலுக்குக் காசு கொடுத்தது யாரோ ஒரு வியாபாரியோட பறிபோன சரக்கு. அதையும் மறந்துடக் கூடாது.

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. ஒரு பீரங்கியைத் துடைக்க ஒருத்தர், மருந்து வைக்க ஒருத்தர், குண்டை இடிச்சுத் தள்ள ஒருத்தர், குறிபார்த்துத் திரி வைக்க ஒருத்தர், பின்னாடி உதைச்சு வர்ற வண்டியைத் திரும்பத் தள்ளப் பல பேர்னு ஒரு கூட்டமே வேணும். ஒத்தை ஆளால ஒரு பீரங்கியைக்கூட முழுசா ஓட்ட முடியாது. அப்போ அந்த மத்த கைகள் யாரோடது? டேனிஷ்காரங்க இல்லைங்கிறது மட்டும் நிச்சயம், ஏன்னா அங்க வேற டேனிஷ்காரரே இல்லையே!

1669-ல ஃபேரோங்கிற கப்பல், அவர்தான் தலைவர்ங்கிற உத்தரவோட வந்துச்சு. அவர் பேரு சரித்திரத்துல ஏறிடுச்சு. அடுத்த தடவை டான்ஸ்போர்க் போனா, அங்க இருக்குற பீரங்கி பக்கத்துல ஒரு நிமிஷம் நின்னு அந்தக் கைகளை எண்ணிப் பாருங்க.