இணைப்புப் பயிற்சியும் நம் வகுப்பறையும்

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற என் மாணவி, பொறியியல் முதல் பருவத்தில் கணிதத்தில் ‘அரியர்’ வைத்தார். கல்லூரி நடத்திய இணைப்புப் பயிற்சிக்குத் தவறாமல் சென்றவர்தான். அப்படியானால் பயிற்சியால் பயனில்லையா?

பயன் உண்டு, ஆனால் எல்லாக் குறைக்கும் அது மருந்தாகாது. தமிழ்வழியில் ‘வகையிடல்’ கற்றவர் ‘டிஃபரன்சியேஷன்’ என்றதும் திகைக்கிறார். இது சொல் தடை. சில நாள் பயிற்சியில் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் அம்மாணவியின் நோட்டில் நான் கண்டது வேறு. பின்னங்களின் தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டியிருந்தார்; 1/2 + 1/3 = 2/5 என்பதுபோல. ஆறாம் வகுப்பில் படிந்த இப்பிழை, பகுதிப் பின்னங்களைக் கொண்டு தொகையிடும்போது மீண்டும் தலைகாட்டுகிறது. இரண்டு வாரத்தில் அது அகலாது.

எனவே பயிற்சியின் முதல் நாளிலேயே எளிய தேர்வு வைத்து, எவருக்கு எது தடை என அறிந்து குழு பிரிக்க வேண்டும். முடிவில் அதே தரத்தில் மறுதேர்வு வைத்தால் பயன் தெரியும்.

2021 முதல் பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. இடம் கிடைத்த பிள்ளைகள் படிப்பை முடிக்கவும் வேண்டுமல்லவா? மேல்நிலை ஆசிரியர்கள் கலைச்சொற்களை இரு மொழியிலும் கரும்பலகையில் எழுதுவோம். ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் பின்னக் கூட்டலில் ஒரு பிழையையும் திருத்தாமல் விடாதிருப்போம்.