கிடப்பில் கிடந்த காருக்கு எந்த ஸ்கேனர்?

பல வருடம் ஷெட்டில் நின்றுபோன காருக்கு எந்த ஸ்கேனர் பொருந்தும் என்பதை ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு ஆண்டே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. கார்புரேட்டர் வைத்த அம்பாசடரிலும் பத்மினியிலும் ஸ்கேனர் பேசுவதற்கு ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கிடையாது. அவற்றுக்கு அனுபவமுள்ள மெக்கானிக்கின் காதுதான் கருவி. எம்பிஎஃப்ஐ என்னும் மின்னணு பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான கார்களில் ஈசியு உண்டு என்றாலும், எல்லாம் ஒரே மொழி பேசுவதில்லை. இந்தியாவில் ஓபிடி என்னும் பொது ஏற்பாடு பிஎஸ்-4 மாசு விதிகளோடு 2010 ஏப்ரலில் வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். ஆனால் 2010இல் பிஎஸ்-4 சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்குத்தான். நாடு முழுவதற்கும் கட்டாயமானது 2017 ஏப்ரலில். ஆகவே சிற்றூரில் பதிவான 2011 மாடல் கார் ஓபிடி கட்டாயமில்லாத பிஎஸ்-3 ஆக இருக்கவும் வாய்ப்புண்டு.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் தெரிகிறதே என்று நம்பிவிட முடியாது. ஓபிடிக்கு முந்தைய கார்கள் சிலவற்றில் அதே சாக்கெட் இருக்கும். உள்ளே ஓடுவது கம்பெனியின் சொந்த நெறிமுறை. பொது ஸ்கேனரைச் செருகினால் ‘தொடர்பு இல்லை’ என்ற பதில்தான் வரும். அத்தகைய காருக்கு அந்தந்தக் கம்பெனியின் மென்பொருள் கொண்ட கருவி வேண்டும்: ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு விசிடிஎஸ், ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் என்பதுபோல. பல கம்பெனிக் கார்களைப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்குத் திரையோடு வரும் பல பிராண்டு ஸ்கேனரே கட்டுப்படியாகும்.

போனோடு இணையும் சின்ன புளூடூத் அடாப்டர்கள் பெரும்பாலும் ஈஎல்எம்327 சிப்பின் நகல்கள். கேன் இணைப்புள்ள புதிய கார்களில் ஒழுங்காக வேலை செய்யும் மலிவு நகல், கே-லைன் என்னும் பழைய ஒற்றை வயர் இணைப்புள்ள காரில் திணறுவது சகஜம். கிடப்புக் கார்களில் பல கே-லைன் காலத்தவையாகவே இருக்கும் என்பதால், அதன் நெறிமுறைகளான ஐஎஸ்ஓ 9141, கேடபிள்யூபி 2000 இரண்டும் உண்மையில் இயங்குகின்றனவா என்று ஒரு பழைய காரில் செருகிப் பார்த்து வாங்குவதே சரி. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வைஃபை அல்லது புளூடூத் எல்இ மாடல் தேவை.

பழுதுக் குறியீடுகளை மட்டும் காட்டும் ரீடர் இந்த வேலைக்குப் போதாது. பேட்டரி செத்து மாதக்கணக்கில் நின்ற கார்கள் பலவற்றில் ஈசியுவின் நினைவு அழிந்திருக்கும். ‘குறியீடு ஏதுமில்லை’ என்று திரை சொல்வது அங்கே நல்ல செய்தி ஆகாது. விற்பவர் முந்தைய நாள் அழித்திருந்தாலும் அதே திரைதான். இதைப் பிடித்துக்கொடுப்பவை ரெடினஸ் மானிட்டர்களும் (ஈசியு தானே செய்துகொள்ளும் சோதனைகளின் நிலை), குறியீடு அழித்தபின் ஓடிய தூரமும். மானிட்டர்கள் எல்லாம் ‘முடியவில்லை’ என்று நின்றால் அந்தச் சுத்தப் பட்டியலுக்கு மதிப்பில்லை. இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. பலவீனமான பேட்டரியோடு ஸ்கேன் செய்தால் மாட்யூல்களுக்கிடையே தொடர்பு அறுந்ததைச் சொல்லும் ‘யு’ வரிசைக் குறியீடுகள் கூட்டமாக வந்து விழும். பேட்டரியை 12.6 வோல்ட் அளவுக்கு ஏற்றி, வந்ததைக் குறித்துக்கொண்டு, அழித்து, ஓட்டி, மறுபடி பார்த்த பிறகு மிஞ்சுவதே உண்மையான பழுது.

அடுத்த தேவை லைவ் டேட்டா. கிடப்புக் காரைப் பற்றி அதிகம் சொல்வது இதுதான். இரவு முழுக்க நின்ற காரில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மைனஸ் 40 டிகிரி காட்டினால் சென்சார் கழன்றிருக்கிறது, இல்லையேல் எலி வயரைக் கடித்திருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால் சந்தேகம் முதலில் கிராங்க் சென்சார் மேல் போகும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் நீண்டகால ஃபியூவல் டிரிம் (பெட்ரோல் அளவில் ஈசியு செய்யும் திருத்தம்) 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக நின்றால், வெடித்துப்போன வேக்குவம் ஹோஸ், அடைத்த இன்ஜெக்டர், வலுவிழந்த பெட்ரோல் பம்ப் ஆகியவற்றைத் தேட வேண்டும். காமன் ரெயில் டீசலில் பார்க்க வேண்டியது ரெயில் அழுத்தம். செல்ஃப் அடிக்கும்போது அது ஏறாவிட்டால் எஞ்சின் பிடிக்காது.

ஏபிஎஸ், ஏர்பேக் உள்ள கார் என்றால் அந்த மாட்யூல்களையும் படிக்கும் ஸ்கேனர் அவசியம். பொது ஓபிடி கருவிகள் எஞ்சினோடு நின்றுவிடும். வெள்ளத்தில் மூழ்கிய காரில் சீட்டுக்கு அடியிலுள்ள இணைப்புகள் பச்சை பூத்து ஏர்பேக் விளக்கை எரிய வைப்பது வழக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைப் பதிவுக் காரை வாங்குவோருக்கு இந்தச் சோதனை வீண் செலவல்ல.

நாள்பட்ட டைமிங் பெல்ட், தண்ணீர் ஏறிய பிரேக் ஆயில், துருப்பிடித்த அடித்தளம், தேய்ந்த பிஸ்டன் ரிங் எதையும் எந்த ஸ்கேனரும் நேராகப் பார்ப்பதில்லை. விலையுயர்ந்த மாடலுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை ஒரு நல்ல மல்டிமீட்டருக்கும் கம்ப்ரஷன் கேஜுக்கும் ஒதுக்கினால், இந்த வகைக் கார்களில் பலன் அதிகம்.