எல்லார்க்கும் திறக்கும் பட்டறை

நுழையும்முன்

உலகில் வேலை தேடுவோர் ஒருபுறமும் வேலை தருவோர் மறுபுறமுமாகப் பிறந்தே வருகின்றனர் என்பது போல நாம் பேசிப் பழகியிருக்கிறோம். கடைசல் பொறியின் அருகே கூலிக்கு நின்றவரே பின்னாளில் அப்பொறியின் உரிமையாளரான வரலாறு திருவள்ளூர் வட்டாரத்துக்கு உண்டு. அது எவ்வாறு நிகழ்ந்தது, எவருக்கு நிகழாமல் போயிற்று என்பவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

காலைத் தொடர்வண்டி

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர்த் தொடர்வண்டி எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி எனக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகிறது. காலை நேரத்தில் அதில் பயணம் செய்வோரின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பல அட்டைகளில் ஆலையின் பெயர் இருப்பதில்லை. ஆளனுப்பும் ஒப்பந்தக்காரரின் பெயரே இருக்கும். இரும்புருக்காலை, வார்ப்பகம், வேதிப்பொருள் ஆலை என விரிந்த சிப்காட் வளாகத்தில் அவர்கள் உழைக்கின்றனர். எனினும் அடுத்த ஆண்டும் அதே வாயிலில் நுழைவோமா என்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது.

ஒருவர் பதினெட்டு வயதில் ஓர் ஆலைக்குள் நுழைந்து ஐம்பத்தெட்டில் மாலையுடன் வெளிவந்த காலம் ஒன்று இருந்தது. என் தலைமுறையினர் அதனைக் கண்ணால் கண்டோம். இன்று தானியங்கிப் பொறிகள் பெருகுகின்றன. ஊர்திகள் மின்கலத்துக்கு மாறுகின்றன. மின்னோட்டிக்கு உந்துருளையும் தேவையில்லை, தீப்பொறிச் செருகியும் தேவையில்லை. அவற்றைச் செய்துவந்த கைகள் வேறு தொழிலைக் கற்றாக வேண்டும். இந்நிலையில் ‘தொழில்முனைவோர் ஆகுங்கள்’ என்னும் அறிவுரை இளைஞர்களுக்குத் தாராளமாக வழங்கப்படுகிறது. அறிவுரை தவறன்று, ஆனால், துணிவு ஒன்றே போதும் என்பது போல அதனைக் கூறுவதுதான் பொருந்தவில்லை.

அம்பத்தூரில் நடந்தது

சென்னை மாநிலத்தில் கிண்டித் தொழிற்பேட்டை 1958இலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இலும் அமைந்தன. (2018ஆம் ஆண்டு எல்லைகள் மாற்றப்படும் வரை அம்பத்தூர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது.) அக்காலத்தில் மாநிலத்தின் தொழில்துறை அமைச்சராக இருந்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன். அம்பத்தூரில் மிதிவண்டி ஆலை, எண்ணூரில் சரக்குந்து ஆலை, திருவொற்றியூரில் விசையுந்து ஆலை, ஆவடியில் படைத்துறைக் கனரக ஊர்தி ஆலை எனப் பேராலைகள் சுற்றிலும் எழுந்தன. ஓர் ஊர்திக்குத் தேவையான ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள் அனைத்தையும் எந்த ஆலையும் தானே செய்துகொள்வதில்லை. திருகாணியையும் வளையத்தையும் சுருள்வில்லையும் செய்து தர அருகிலேயே சிறு பட்டறைகள் வேண்டியிருந்தன.

அப்பட்டறைகளைத் தொடங்கியோர் எல்லாரும் செல்வர் அல்லர். கடைசலராகவும் பொருத்துநராகவும் ஆலையில் பணிபுரிந்து, அளவின் நுட்பத்தைக் கையிலும் கண்ணிலும் ஏற்றிக்கொண்டோர் அவர்களுள் பலர். அவர்கள் நிலத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, தொழிற்கூடம் கட்டப்பட்டிருந்தது. மின் இணைப்பும் சாலையும் வாயில்வரை வந்திருந்தன. பொருளை வாங்குவோர் சில கல் தொலைவில் இருந்தனர். நிலம், மின்சாரம், சந்தை ஆகிய மூன்றையும் தனியொருவர் தம் பணத்தால் உண்டாக்க முயன்றிருந்தால் வாழ்நாளே முடிந்திருக்கும். அவற்றைப் பொதுவில் அமைத்துக் கொடுத்ததே தொழிற்பேட்டையின் பணி. 1970இல் தோன்றிய சிட்கோ நிறுவனம் இப்பணியை மாநிலமெங்கும் விரித்தது. 1971இல் தோன்றிய சிப்காட் பெருந்தொழில்களுக்கு வளாகங்களை உருவாக்கியது. திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் சிட்கோவின் பேட்டை உள்ளது.

எனவே, தொழில்முனைவைத் தனிமனிதரின் மேதைமையாக மட்டும் காண்பது அரைக்காட்சியே. மேதைமை முளைக்க நிலம் வேண்டும். இவ்விடத்தில் அச்சொல்லை நேர்ப்பொருளிலேயே கொள்ளலாம்.

தொண்ணூறு நாள் காத்திருப்பு

தொழிற்கூடம் கிடைத்துவிட்டது, ஆணையும் கிடைத்துவிட்டது. அதன் பின்னும் பட்டறைகள் மூடப்படுவது ஏன்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு கடைசல் பொறிகளுடன் ஒருவர் தொழில் தொடங்குகிறார். மாதம் 2 இலட்சம் ரூபாய்க்கு உதிரிபாகம் செய்து தர ஆணை பெற்றிருக்கிறார். இரும்புக் கம்பிக்கு 90 ஆயிரம், கூலிக்கு 50 ஆயிரம், வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 30 ஆயிரம் என மாதச் செலவு 1,70,000 ரூபாய். மீதம் 30 ஆயிரம். தாளில் இது ஆதாயமான தொழில். ஆனால், வாங்கும் நிறுவனம் பொருளைப் பெற்று 90 நாள் கழித்தே பணம் தருகிறது. முதல் மாத இறுதியில் ஒப்படைத்த பொருளுக்கு நான்காம் மாத இறுதியில்தான் பணம் வரும். அதுவரை பட்டறை நிற்காமல் ஓட அவர் தம் கையிலிருந்து 6,80,000 ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரியையோ, பணம் வந்தாலும் வராவிட்டாலும் விலைப்பட்டியலின்படி செலுத்தியாக வேண்டும். இலாபம் ஈட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கந்துவட்டிக்குக் கையேந்துவது இவ்வாறுதான். பொறி வாங்கக் கடன் தருவோர் உண்டு. இந்த நடைமுறை மூலதனத்தைப் பற்றி நினைப்போர் குறைவு.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. பொருளைப் பெற்றவர் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும் என்றும் அது விதிக்கிறது. நாம் மேலே கண்டவருக்கு 45 நாளில் பணம் வந்தால் அவர் திரட்ட வேண்டிய தொகை 4,25,000 ரூபாயாகக் குறையும். முறையிடுவதற்கு வசதியாக்கக் குழுக்களும் உள்ளன. எனினும் முறையிடுவோர் சிலரே. ஒரே ஒரு நிறுவனத்தை நம்பிப் பிழைப்பவர் அந்நிறுவனத்தின்மீதே வழக்குத் தொடுத்தால் அடுத்த ஆணை வேறொருவருக்குப் போய்விடும். சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. அச்சம் அவரோடு வீட்டுக்கே வருகிறது.

இதனை உணர்ந்தே, குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலத்தில் தராத தொகையை அவ்வாண்டின் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற இயலாது என்னும் வருமானவரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சிறியவர் வாய்திறவாமலே சட்டம் வேலை செய்யும் வகை இது. ‘டிரெட்ஸ்’ எனப்படும் மின்னணு மேடையும் பயன் தருவது. வாங்கிய நிறுவனம் விலைப்பட்டியலை அதில் ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டியிட்டு அத்தொகையைச் சிறிது கழிவுடன் விற்றவருக்கு உடனே தந்துவிடும்; உரிய நாளில் பெரிய நிறுவனத்திடம் தாமே பெற்றுக்கொள்ளும்.

‘ஈடு என்ன?’

வங்கியில் எழும் முதல் வினா இதுவே. பட்டா தம் பெயரில் உள்ளவருக்கு அது வினாவே அன்று. குடும்பத்துச் சொத்தில் பெயர் இல்லாத பெண்ணுக்கும், தலைமுறை தலைமுறையாக நிலமற்றிருக்கும் பட்டியல் சமூகத்தவர்க்கும், கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழருக்கும் அவ்வொரு வினாவிலேயே உரையாடல் முடிந்துவிடுவதுண்டு.

இவ்வினாவை மாற்றிக் கேட்டவர் வங்காளதேசத்தின் முகமது யூனுஸ். 1976இல் ஜோப்ரா என்னும் சிற்றூரில் மிகச் சிறு தொகைகளை ஈடின்றிக் கொடுத்துப் பார்த்தார். அம்முயற்சியே 1983இல் கிராமீன் வங்கியாயிற்று. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக்குழுக்கள் உறுப்பினர் ஒருவருக்கொருவர் நிற்பதையே பிணையாக்கின. ஆயினும் குழுக்கடன் கறவை மாட்டுக்கும் தையல் பொறிக்கும் போதும். கணினி இயக்கும் கடைசல் பொறிக்குப் போதாது. பெண்களின் தொழில் சிறிதாகவே இருக்கும் என்று நாம் முடிவு செய்துகொண்டதன் அளவு அது. திருமுல்லைவாயிலில் பெண் தொழில்முனைவோருக்கெனவே சிட்கோ அமைத்த தொழிற்பேட்டை அம்முடிவுக்கு மறுப்பாக நிற்கிறது.

தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023 முதல் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் வழங்குகிறது. விண்ணப்பிக்கும் இடம் மாவட்டத் தொழில் மையம். அங்கே செல்லும் வழியை மாணவர்கள் பள்ளி நாளிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நன்று. பெரிய கட்டடத்தின் படியேறத் தயங்குவதும் ஒரு தடைதான். அதற்கு மானியம் கிடையாது.

சூளையும் சிறகும்

திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் பலர் வாழ்கின்றனர். பாம்புத்தோல் வணிகத்தை அரசு தடை செய்தபின் அவர்தம் பழைய பிழைப்பு முறிந்தது. அவர்களுள் ஒரு பகுதியினர் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கம், பாம்பைப் பிடித்து நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டிலேயே விடுகிறது. அந்நஞ்சு நச்சுமுறி மருந்து செய்யப் பயன்படுகிறது. தோலுக்காகப் பாம்பைக் கொன்ற அதே திறன் உயிர்காக்கும் தொழிலாயிற்று.

மற்றும் பலர் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் சேர்ந்தனர். சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம், அது கழியும்வரை அவ்விடத்தை விட்டு அகல இயலாது. விடியுமுன் எழுந்து மண் குழைத்து அச்சில் வார்ப்பர், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு எனக் கூலி, அதிலிருந்து முன்பணக் கழிவு, கணக்கேடோ உரிமையாளரிடம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்தும் இது தொடர்ந்தது. மீட்கப்பட்டோரும் வேறு வழியின்றி இன்னொரு சூளைக்கே திரும்பியதுண்டு.

அண்மை ஆண்டுகளில் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் வேறொரு வழியை முயன்றது. மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களையே சூளை ஒன்றின் உரிமையாளராக்கியது. ‘சிறகுகள்’ என்பது அச்செங்கல்லின் பெயர். மண்ணின் பதமும் அடுக்கும் முறையும் எரிக்கும் நாள்களும் அவர்கள் முன்பே அறிந்தவை; அவற்றில் எவரும் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை. இடமும் தொடக்க முதலுமே அவர்களிடம் இல்லாதிருந்தன. அரசுத் திட்டத்தில் கட்டப்படும் வீடுகள் அச்செங்கல்லுக்குச் சந்தையாயின. அம்பத்தூரில் கடைசலருக்கு அமைந்த அதே மூன்றும், அறுபது ஆண்டு கழித்துச் சூளைத் தொழிலாளரை வந்தடைந்தன.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சூளைகள் ஓய்ந்துவிடும். ஈர மண்ணில் கல் காயாது. தை பிறக்கும்வரை வருவாயும் இல்லை. முன்பெல்லாம் அம்மாதங்களில்தான் குடும்பங்கள் அடுத்த ஆண்டுக்கான முன்பணத்தை வாங்கின. கடனின் முதல் முடிச்சு விழுந்ததும் அப்போதே. இன்று சூளையை நடத்துவோர் கோடையில் விற்ற கல்லின் பணத்தில் ஒரு பங்கை மழைக்காலத்துக்கென ஒதுக்க வேண்டும். எவ்வளவு ஒதுக்குவது என்பதை முடிவு செய்ய அவர்கள் கையில் கணக்கேடு வேண்டும். அதை எழுதவும் படிக்கவும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இருக்க வேண்டும்.