ரப்பர் விலையும் ஏழு வருஷக் கணக்கும்

கோட்டயம் சந்தையில் ஆர்.எஸ்.எஸ்.-4 ரக ரப்பரின் விலை 2024 ஆகஸ்டில் கிலோவுக்கு 240 ரூபாயைத் தாண்டி, 2011 ஏப்ரலில் கண்ட பழைய உச்சத்தையும் கடந்தபோது, இது நிலைத்து நிற்கும் சுபிட்சமா, உடைந்துபோகும் நீர்க்குமிழியா என்ற சந்தேகம் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் விவசாயிக்கும் எழுந்தது இயல்பே.

விடை காண, முதலில் ரப்பர் மரத்தின் சுபாவத்தை அறிய வேண்டும். நட்ட கன்று பால்வெட்டுக்குப் பக்குவமாக ஏறக்குறைய ஏழு வருஷம் செல்லும். ஆகையால் விலை ஏறியவுடன் சரக்கைப் பெருக்க இயலாது, இறங்கியவுடன் மரத்தை மண்ணுக்குள் திருப்பி அனுப்பவும் இயலாது.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1922-இல் பிரிட்டிஷ் அரசாங்கம், விழுந்து கிடந்த விலையைத் தூக்கி நிறுத்தும்பொருட்டு, ஸ்டீவன்ஸன் திட்டம் என்ற பெயரில் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டிற்று. 1925-இல் லண்டனில் ராத்தல் விலை 4 ஷில்லிங்குக்கு மேல் ஏறவே, தந்திரம் பலித்துவிட்டதாகத்தான் தோன்றிற்று. ஆனால் திட்டத்தில் சேராத டச்சு ஆட்சிக்குட்பட்ட சுமத்ராவிலும் போர்னியோவிலும் குடியானவர்கள் அவ்விலையைக் கண்டு கன்றுகளை நட்டுக்கொண்டே போயினர்; 1928-இல் திட்டம் கைவிடப்பட்டு, அக்கன்றுகள் பால் தரும் பருவம் எய்திய சமயத்தில் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1932-இல் விலை 3 பென்ஸுக்கும் கீழே வீழ்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்று மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டதும் அந்த மந்தத்தின்போதுதான். லாபத்தில் பங்கு காணாத அவர்களுக்கு நஷ்டத்தில் மட்டும் தாராளமாகப் பங்கு கிடைத்தது.

2011-இன் கதையும் அதே ஜாதியைச் சேர்ந்ததுதான். சீனாவின் மோட்டார்த் தொழில் பெருகப் பெருக விலை ஏறிற்று. தாய்லாந்தும் வியட்நாமும் நட்டுக் குவித்தன. 2016 தொடக்கத்தில் கோட்டயம் விலை 100 ரூபாய்க்குக் கீழே இறங்கிற்று. யூக வியாபாரிகள் ஏற்றத்தை மிகைப்படுத்துவார்கள் என்பது மெய்யே. ஆயினும் பழி முழுவதையும் அவர்கள் தலையில் சுமத்துவது சோம்பேறித்தனமான விளக்கம்.

அவ்வீழ்ச்சியில் மனம் சலித்துப் பலர் நடுவதை நிறுத்தினர், வெட்டாமல் விட்ட மரங்களும் உண்டு. ஆகவே 2024-இன் தட்டுப்பாடு உண்மையானது, வெறும் குமிழியன்று என்பதே என் அபிப்பிராயம். அதற்காக அது நிரந்தரம் என்று கடன் வாங்கி நடுபவர், கொக்கோ விவசாயிகள் பலர் ரப்பருக்கு மாறியதால் ஐவரி கோஸ்ட் ஆப்பிரிக்காவிலேயே முதலிடம் பெற்றிருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் நாட்டிலேயே, வடகிழக்கு மாநிலங்களில் 2 லட்சம் ஹெக்டேரில் ரப்பர் நட டயர் கம்பெனிகளின் நிதியுதவியோடு 2021-இல் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு. அதன் முதற் கன்றுகள் 2028 வாக்கில் வெட்டுக்கு வரும்.