காந்தமும் புரதமும்

காந்தம் இரும்பை ஈர்த்தல் நம் முன்னோர் நெடுங்காலம் அறிந்த செய்தி. சிவஞானபோதத்தின் ஐந்தாஞ் சூத்திரத்தைப் பாடங் கேட்டோர், தான் விகாரமுறாது நின்றே இரும்பைத் தொழிற்படுத்தும் காந்தத்தை மெய்கண்டார் உவமையாக்கிய திறத்தை மறவார். அங்கே இரும்பைக் குறிக்க வரும் 'பசாசம்' என்னும் சொல்லைக் கேட்டு மாணவர் பேயை நினைந்து மருளுவதும், ஆசிரியர் நகைத்துப் பொருள் விளக்குவதும் இன்றும் உண்டு. அவ்வுவமை இரும்பளவில் நிற்பது. நீர், மரம், மெழுகு முதலிய பொருள்களும் காந்தத்தின் ஆணைக்கு உட்பட்டவையே என்பது பிற்காலத்து விஞ்ஞானம் கண்ட உண்மை. அவை காந்தத்தை நாடுவன அல்ல. அதனை விட்டு மிகச் சிறிதே விலகுவன.

இம்மெல்லிய விலகலை நுணுகி ஆராய்ந்தோருள் ஒருவர் தமிழர். 1898இல் வத்திராயிருப்பை அடுத்த சிற்றூரிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், சேர் சி. வி. இராமனுக்கு 1928ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஒளியாராய்ச்சியில் உடன்நின்றவர். பின்னர் டாக்காப் பல்கலைக்கழகஞ் சென்று, நப்தலீன் முதலிய பளிங்குகளை மெல்லிய இழையிற் கட்டிக் காந்தங்களினிடையே தொங்கவிட்டார். பளிங்கு திரும்பும் திறத்தைக் கொண்டே, கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகள் அதனுள் எத்திசை நோக்கிக் கிடக்கின்றன என உய்த்துணர்ந்தார். காந்தத்தை வைத்துக் காணாப்பொருளைக் காணும் வழி இது.

1997இல் நெதர்லாந்து நாட்டில் அந்திரே கெயிம் என்பவர் உயிருள்ள தவளையொன்றை மிகவலிய காந்தப்புலத்தில் அந்தரத்தில் மிதக்கவிட்டார். உலகம் நகைத்தது; வியந்தது. ஆயினும் அதற்கு வேண்டிய காந்தம் ஒரு பெரும் ஆய்வுகூடத்துக்கே உரியது. எளியார்க்கு உதவும் வழி வேறிடத்தில் தோன்றியது.

உழவர் சிலர் விதைநெல்லைத் தெரியும் முறையை நினைந்தால் அது எளிதில் விளங்கும். நீரில் முட்டை மிதக்குமளவும் உப்பைக் கரைத்து, அதில் நெல்லை இடுவர். பதர் மிதக்கும், மணி முற்றிய நெல் அமிழும். இங்கே உப்புநீர் கூறும் விடை இரண்டே: மிதத்தல், அமிழ்தல். அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் வைற்சைட்ஸ் குழுவினர் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகளையெல்லாம் அளக்கும் கருவியொன்றைச் செம்மைப்படுத்தினர். ஒத்த முனைகள் எதிர்நோக்கும்படி இரு காந்தங்களை, ஒன்றின்மேல் ஒன்றாக, ஏறக்குறைய 45 மில்லிமீற்றர் இடைவெளியில் நிறுத்துவர். இடையே சிறு கண்ணாடிக் குழாய். அதனுள் மங்கனீசுக் குளோரைட்டுப் போன்ற ஓர் உப்பின் கரைசல். இவ்வுப்புக் காந்தத்தை நாடும் இயல்பினது. ஆதலின் கரைசல் இரு முனைகளையும் நோக்கி நெருங்க, அதனுள் இட்ட மணி நடுவிடத்துக்குத் தள்ளப்படும். புவியீர்ப்போ அடர்த்தி மிக்க மணியைக் கீழே இழுக்கும். இரண்டும் ஒத்த இடத்தில் மணி அசையாது நிற்கும். அது நிற்கும் உயரமே அதன் அடர்த்தியின் அளவு. அடிமட்டம் ஒன்றால் அளந்துகொள்ளலாம்.

இனிப் புரதத்துக்கு வருவோம். குறித்த ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பொருளை மணியிற் பதித்துவைத்தால், அப்புரதம் வந்து சேர்ந்ததும் மணியின் அடர்த்தி மாறும். நிற்கும் இடமும் மாறும். காபோனிக் அன்ஐதரேசு என்னும் நொதியத்தைக் கொண்டு இதனை 2012இல் அக்குழுவினர் காட்டினர். எனினும் மணியின் புறத்தே படியும் சிறிதளவு புரதம் தானாகச் செய்யும் மாற்றம் மிக அற்பம். ஆனந்த் பால சுப்பிரமணியம் முதலியோர் 2015இல் வெளியிட்ட கட்டுரை இதற்கொரு நயமான வழி கண்டது. புரதம் பற்றிய இடத்திற் பொன்னின் நுண்துகளைச் சேர்த்து, அதன்மேல் பொன்னையோ வெள்ளியையோ படியவிட்டனர். புரதம் மிகுந்தால் உலோகம் மிகும்; உலோகம் மிகுந்தால் மணி தாழும். பொற்கொல்லர் செய்யும் முலாம் இங்கே நோயறியும் கருவியாயிற்று! ஈரலைத் தாக்கும் சீ வகை வைரசுக்கும் சிபிலிசு நோய்க்கும் உரிய பிறபொருளெதிரிகள் குருதித் தெளிநீரில் உள்ளனவா என்பதை ஒருங்கே காட்டினர். பிறபொருளெதிரிகளும் புரதங்களே என்பதை மாணவர் அறிவர். பாலிற் கலந்த நியோமைசின் என்னும் மருந்தின் அளவையும் அவ்வாறே கண்டனர்.

அளவை வாசிக்க மின்சாரம் வேண்டா என்பது அக்கட்டுரையின் சிறப்பு. 1990களில் மின்னின்றி, ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்த விளக்கிற் படித்த வடமராட்சித் தலைமுறைக்கு இச்சொல்லின் பெறுமதியை எடுத்துக் கூற வேண்டியதில்லை. அக்காலத்தில் குருதியைச் சோதித்தறிவதென்பது எத்துணை அரிதென்பதை முதியோர் நன்கறிவர்.

ஆயினும் 2015இல் அவ்வாய்வாளர் காட்டியது முறை இயலும் என்பதை மட்டுமே; மேலும் வளர்ந்தாற்றான் வசதி குன்றிய இடங்களுக்கு அது உதவக்கூடும் என்று அவர்களே அடக்கத்தோடு எழுதினர். இன்னொன்றும் நோக்கத் தக்கது. காந்தத்தையும் கண்ணாடிக் குழாயையும் மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் இட்டுவைக்கலாம். கரைசலாக உள்ள, பொன் தோய்ந்த பிறபொருளெதிரியை அவ்வாறு இட்டுவைத்தல் இயலாது. அந்நிலையில் அது பொதுவாகக் குளிரில் இருக்க வேண்டியது. நம் நாட்டு வெப்பத்தில் அதனைக் காத்தலும் கருதத் தக்கது.